பத்தியம் என்னும் பட்டினி

சென்ற மாதத்தில் ஒரு நாள், பாடங்கள் முடிந்து மணி அடித்த பின்னர், உயர்தர வகுப்பிலே உயிரியல் பயிலும் மாணாக்கன் ஒருவன் என் மேசையருகே வந்து நின்றான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறிப் பதுளைக்கு வருகிறவன். கேள்வி கேட்பதற்கு என்றுமே தயங்காத பிள்ளை, அன்று மட்டும் கொப்பியின் ஓரத்தை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக நின்றான்.

"சேர், ஈரல் சுருங்கினவங்களுக்கு முட்டை குடுத்தா மூளைக்கு நஞ்சு ஏறும்னு சொல்றாங்க. அது உண்மையா சேர்?"

யாருக்கு என்று வினவினேன். தந்தைக்கு என்றான். ஐம்பது வயதைக் கடந்தவர். தேயிலைத் தொழிற்சாலையிலே முறைவைத்து இராப்பகலாய் உழைத்தவர். வயிற்றிலே நீர் கோத்து, வைத்தியசாலையிற் சில நாள்கள் தங்கி, நீரை இறக்கும் மாத்திரைகளுடன் லயத்துக்குத் திரும்பியிருக்கிறார். திரும்பிய மறுநாளே அயலவரும் உறவினரும் இஸ்தோப்பிலே கூடியிருந்து பத்தியம் வகுத்துவிட்டனர். முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு வாயு, எண்ணெய் ஆகாது, தேங்காய் ஆகவே ஆகாது. காலையில் அரிசிக் கஞ்சி. பகலில் உப்பில்லாச் சோறும் அவித்த கீரையும். இரவில் மறுபடியும் கஞ்சித் தண்ணீர். மூன்று கிழமைகளாக இதுவே ஆகாரம். "அப்பா எழும்பி வெளிய போறதுக்கே இப்ப ஆள் புடிக்கணும் சேர்" என்றான்.

நான் உயிரியல் ஆசிரியனேயன்றி வைத்தியன் அல்லன். ஆயினும் அந்த முட்டை என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

என் பெரியப்பா இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே நோயினால் இறந்தார். மதுவைத் தொட்டறியாதவர், நீரிழிவு மட்டும் நெடுநாளாக இருந்தது. வயிறு பானைபோற் பருத்தது. தோளும் தொடையும் வற்றி எலும்பெடுத்தன. அப்பொழுது நான் பல்கலைக்கழக மாணவன். விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம், 'படித்த பிள்ளை' என்ற நம்பிக்கையோடு அவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, பெரியம்மாகிட்ட சொல்லி ஒரு முட்டை அவிச்சுக் குடுக்கச் சொல்லுப்பா." பெரியம்மா கண் கலங்கினாரேயன்றி இணங்கவில்லை. பத்தியம் கெட்டால் ஆள் போய்விடுவார் என்று அஞ்சினார். நானும் அவர் பக்கமே நின்றேன். புரதம் மிகுந்தால் இரத்தத்தில் அமோனியா மிகும், அமோனியா மிகுந்தால் மூளை மயங்கும் என்று புத்தக அறிவைக் காட்டி ஒரு சிறு விரிவுரையும் நிகழ்த்தினேன். அடுத்த மாதம் சளிக்காய்ச்சல் ஒன்று வந்தது. அதனைத் தாங்கும் வலு அவர் உடம்பில் இருக்கவில்லை.

நான் அன்று சொன்னது முழுப் பொய்யன்று, பாதி உண்மை. அந்தப் பாதி உண்மை பிறந்த கதையே சுவையானது.

மாணவர்கள் பவ்லோவை அறிவார்கள். மணியொலி கேட்டு உமிழ்நீர் சுரந்த நாய்களின் கதையைக் கேளாதார் யார்? அவர் வேறு நாய்களையும் ஆராய்ந்தார். 1877ஆம் ஆண்டில் எக் என்னும் ருஷிய வைத்தியர், குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தங் கொண்டுசெல்லும் பெருநாளத்தை ஈரலுக்குட் புகவிடாமல் உடலின் கீழ்ப்பெருநாளத்தோடு இணைக்கும் அறுவையை விவரித்தார். 1893இல் பவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் இவ்வாறு மாற்றப்பட்ட நாய்களுக்கு இறைச்சி ஊட்டியபோது, அவை தள்ளாடி, மயங்கி, உணர்விழந்தன. இறைச்சியே நஞ்சாயிற்று என்றனர். பின்னர் 1952இல் அமெரிக்காவில், ஈரற் கரணை நோயாளர் சிலருக்கு நைதரசன் சேர்ந்த பொருள்களைக் கொடுத்தபோது அவர்களும் அவ்வாறே மயங்கினர் என்று பொஸ்டன் வைத்தியர்கள் எழுதினர். 1954இல் இலண்டனில் ஷீலா ஷேர்லொக்கும் அவருடன் உழைத்தவர்களும் இம்மயக்கத்தின் இயல்பைத் தெளிவாக விளக்கினர். அதன்பின் ஈரல் நோயாளி தடுமாறினால் உடனே புரதத்தை நிறுத்து என்பது உலகெங்கும் வைத்தியசாலை வழக்கமாயிற்று. நம்முடைய பாட்டிமார் வகுத்த பத்தியமும் மேனாட்டார் வகுத்த பத்தியமும் ஒன்றாகப் பொருந்திவிட்டமையால் எவரும் ஐயுறவில்லை.

இதிலே வியப்பு யாதெனில், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1941இல், நியூயோர்க்கில் ஆர்தர் பற்றெக் என்பவர் இந்நோயாளருக்குப் புரதமும் விற்றமினும் நிறைந்த நல்லுணவு ஊட்டிப் பலரைத் தேறச் செய்திருந்தார். அந்த நற்செய்தி அச்சத்தின் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று.

அரை நூற்றாண்டு கழிந்தது. 2004ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறிய ஆய்வுதான், முப்பது நோயாளர். எல்லாரும் ஈரல் நோயினால் மயக்கமுற்று அனுமதிக்கப்பட்டவர்கள். ஒரு பகுதியாருக்குப் பழைய முறைப்படி புரதத்தை நிறுத்திச் சிறிது சிறிதாகக் கூட்டினர். மற்றப் பகுதியாருக்கு முதல் நாளிலிருந்தே போதிய புரதம் கொடுத்தனர். மயக்கம் தெளிவதிலே இரு சாராருக்குமிடையில் வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் புரதம் மறுக்கப்பட்டவர்களின் உடல், தன் தசையையே அதிகமாக உடைத்துக்கொண்டிருந்தது. 2019இல் ஐரோப்பிய ஈரல் வைத்தியர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, மயக்கம் வந்த நோயாளிக்கும் புரதத்தைக் குறைக்கலாகாது என்று தெளிவாகக் கூறிவிட்டது.

ஏன் இவ்வாறு? ஈரலை நாம் ஒரு பண்டகசாலை என எண்ணிக்கொள்ளலாம். பகலில் உண்ட மாப்பொருளின் ஒரு பங்கைக் கிளைக்கோசனாகச் சேமித்து வைத்து, இரவில் நாம் உறங்கும்போது சிறிது சிறிதாக அளந்து கொடுப்பது அதன் வேலை. கரணை கட்டிச் சுருங்கிய ஈரலில் அந்தப் பண்டகசாலை இடிந்துபோய்விடுகிறது. ஏழு மணிக்குக் கஞ்சி குடித்துப் படுத்தவனுக்கு நள்ளிரவிலேயே சேமிப்புத் தீர்ந்துவிடும். ஆனால் மூளைக்குக் குளுக்கோசு வேண்டுமே! எனவே உடல் தசையை உருக்கி அதிலிருந்து குளுக்கோசு செய்துகொள்கிறது. நலமுள்ள ஒருவர் இரண்டு மூன்று நாள்கள் பட்டினி கிடந்தால் உடலிலே எந்நிலை உண்டாகுமோ, அந்நிலை இந்நோயாளிக்கு ஒரே இரவில் உண்டாகிவிடுகிறது என்பதை 1983இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அவன் பகலிற் பத்தியம் இருக்கிறான். இரவில் அவனுடைய உடம்பே அவனைத் தின்கிறது.

அத்துடன் நின்றுவிடுமா? இல்லை. ஈரல் நலிந்தபின் இரத்தத்திலுள்ள அமோனியாவை அகற்றும் வேலையிற் பெரும் பங்கை ஏற்றுக்கொள்வது தசையே. தசை வற்ற வற்ற அமோனியா தங்கும். ஆகவே, மூளைக்கு நஞ்சேறும் என்று அஞ்சி முட்டையை மறுக்கும் வீட்டிலேதான் அந்த நஞ்சு இன்னும் எளிதாக ஏறுகிறது. நான் பெரியப்பாவுக்கு நிகழ்த்திய விரிவுரையில் இந்தப் பின்பாதி இல்லை.

இரவுப் பட்டினியை முறிக்கும் வழி எளியது: உறங்கப் போகுமுன் ஒரு சிறு உணவு. நியூசிலாந்தின் ஓக்லாந்து நகர ஆய்வாளர்கள், 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 103 நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரே அளவான சத்துணவை ஒரு சாராருக்குப் பகலிலும் மற்றச் சாராருக்கு இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். இரவில் உண்டவர்களின் உடலில் ஏறத்தாழ இரண்டு கிலோ அளவு தசைப்பற்றுக் கூடியது. பகலில் உண்டவர்களுக்குக் கூடவில்லை. உணவு ஒன்றே, நேரம் மட்டும் வேறு. நம் தோட்டங்களிலே விடியலிற் பெரட்டுக்குப் போகவேண்டியிருப்பதால் மாலையிலேயே அடுப்பை அணைத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. விடிந்தபின்னும் முதலில் வயிற்றுக்குட் போவது வெறும் சாயத்தண்ணீர். நோயாளி உள்ள வீட்டில் இந்த இடைவெளி பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலங்கள் ஆகிவிடுகின்றது.

இனி அளவுக்கு வருவோம். ஐரோப்பிய வழிகாட்டிகள் கூறுவது, நீரின் பாரத்தை நீக்கிய உடல்நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 35 கிலோகலோரி சக்தியும், 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும். ஐம்பது கிலோ உடம்புக்கு 1750 கிலோகலோரி. புரதம் 60 முதல் 75 கிராம். தாளிலே பார்க்கும்போது பணக்காரர் உணவுபோலத் தோன்றும். நான் நம் வீட்டு அடுப்படியை வைத்தே கணக்குப் பார்த்தேன். நூறு கிராம் கோதுமை மாவில் தட்டிய ரொட்டியிற் பத்துக் கிராம் புரதம் இருக்கிறது. அரிசி இருநூறு கிராமில் ஏறக்குறைய பதினான்கு. மைசூர்ப் பருப்பு எழுபத்தைந்து கிராமிற் பதினெட்டு. ஒரு முட்டையில் ஆறு. ஒரு துண்டு மீனிற் பதினைந்து. ஒரு பிடி பாசிப்பயற்றில் ஒன்பது. எழுபதைத் தாண்டிவிட்டது! தேங்காய்ப் பாலும் தாளிக்கும் எண்ணெயும் ஒரு பழமும் சேர, சக்தியின் கணக்கும் சரியாகிவிடும். கொழுப்பை விலக்கவேண்டும் என்ற விதி இந்நோயாளருள் மிகப் பெரும்பாலோருக்கு இல்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் மீனும் பால்மாவும் எட்டாப் பொருளான வீடுகள் பல என்பதை அறிவேன். அங்கே பருப்பும் பயறும் கௌபியும் கடலையும் சோயாவும் கைகொடுக்கும். இவற்றின் புரதத்தை மயக்க நோயாளரின் உடல் நன்கு தாங்குகிறது என்பதும், இவற்றின் நார் மலச்சிக்கலைத் தடுத்து அமோனியாவைக் குறைக்க உதவுகிறது என்பதும் ஆய்விலே கண்டவை. பருப்பு வாயு என்று ஒதுக்கிய பெரியம்மாவுக்கு இதை யாரேனும் அன்று சொல்லியிருந்தால்!

ஆனால் ஒரு தடை உண்டு. வயிற்றிலுள்ள நீர் இரைப்பையை நெருக்குவதால் நாலு வாய் உண்டதும் வயிறு நிறைந்துவிடும். ஆகையால் மூன்று வேளை என்னும் வழக்கத்தை விட்டு, ஆறு வேளையாகப் பகிர்ந்து கொடுக்கவேண்டும். வெறும் சாயத்தண்ணீர் வயிற்றை அடைக்குமேயன்றிச் சத்துத் தராது. அதற்குப் பதிலாகப் பால்மா கரைத்த தேநீர், தயிர், பயறு கலந்த கஞ்சி. கஞ்சி என்றால் கஞ்சி, கஞ்சியின் தெளிநீரன்று.

பத்தியம் என்று ஒன்று உண்மையிலே உண்டெனில் அது உப்புக்குத்தான். வயிற்றிலே நீர் கோத்தவருக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு கிராம் உப்பு, அதாவது கறியிலும் சோற்றிலும் ரொட்டி மாவிலும் இடுவதெல்லாம் சேர்ந்து மட்டமான ஒரு தேக்கரண்டி, அதற்குமேற் செல்லலாகாது. கருவாடு, நெத்தலி, ஊறுகாய், பப்படம், சுவைத்தூள் சேர்ந்த சோயா மீட், டின் மீன் ஆகியவற்றிலே உப்பு ஒளிந்திருக்கிறது. எனினும் உப்பை முற்றாக நீக்கிச் சோற்றையே வெறுக்கச் செய்வது பெருந்தவறு. தேசிக்காய், மிளகு, கொத்தமல்லி, கொறுக்காய், இஞ்சி இருக்க நாவுக்கு என்ன குறை? கடையில் விற்கும் 'சோடியமற்ற உப்பு' மட்டும் வேண்டாம். அதிலுள்ள பொற்றாசியம், நீரிறக்கும் சில மாத்திரைகளோடு சேர்ந்து இதயத்துக்குத் தீங்கு செய்யும். தண்ணீரைக் குறைப்பதும் வைத்தியர் சொன்னால் மட்டுமே.

இங்கே மாணவர்கள் ஒரு ஐயம் எழுப்பக்கூடும். ஈரலிற் கொழுப்புப் படிந்தவர்களிடம், உணவைக் குறை, மாவைக் குறை, எடையைக் குறை என்றல்லவா வைத்தியர் கூறுகிறார்? ஆம். அது நோயின் தொடக்கம். அங்கே அதுவே மருந்து. ஈரல் கரணை கட்டி, நீர் கோத்து, உடல் வற்றத் தொடங்கியபின் அதே அறிவுரை நஞ்சாகிறது. பெரியப்பாவின் வீட்டில் நீரிழிவுக்கெனப் பழைய நாளிலே குறைத்த சோறு, ஈரல் போன பின்னரும் குறைந்தபடியே இருந்தது. நீரிழிவுக்கு மருந்தை மாற்றுவது வைத்தியர் வேலை. சாப்பாட்டைப் பறிப்பது அதற்கு மாற்றன்று.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஈரல் நோய் என்றதுமே "குடித்திருப்பான்" என்று முகத்தைத் திருப்பும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கசிப்பு நம் மலைகளிலே எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பதை யார் மறுப்பார்? குடியினால் வந்தாலும் வேறு காரணத்தால் வந்தாலும், நோய் வந்தபின் ஒரு சொட்டும் ஆகாது. குடி நிற்காவிடின் எந்த உணவும் பயன்தராது. ஆயினும் எல்லாரும் குடித்துக் கெட்டவர் அல்லர். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்கள் இரண்டிலே நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, உடல் உழைத்து வாழும் அம்மக்களிலும், மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரளவில் இருக்கக் கண்டது. மலையேறிக் கொழுந்தெடுப்பவர்களுக்கு இது வராது என்று நானும் முன்னர் எண்ணியிருந்தவனே. பெரியப்பாவின் காதுபட அயலார் பேசிய சொற்கள், நோயைவிட அவரை வருத்தின.

மூலிகைச் சாறுகளைப் பற்றி ஒரு சொல். கைமருந்தை நான் இகழ்பவனல்லன். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்து அறிஞர் அர்சகுலரத்னவும் அவருடன் உழைத்தவர்களும் 1981இல், நம் நாட்டிலே வழக்கிலுள்ள மருந்துச் செடிகள் சிலவற்றில் ஈரலுக்கு ஊறு செய்யும் காரப்பொருள்கள் உண்டென்று காட்டினர். கிலுகிலுப்பை இனம் அவற்றுள் ஒன்று. நலிந்த ஈரலின்மேற் பெயரறியாச் சாற்றை ஊற்றிச் சோதிக்கலாமா?

இரத்த வாந்தி, தார்போற் கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்றுநோவு, பேச்சுத் தடுமாற்றம், பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல், இவற்றைக் கண்டால் அடுப்படியில் விடை தேடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அரைமயக்கத்திற் கிடப்பவர் வாயிலே கஞ்சி ஊற்றுவது கொலைக்குச் சமம். அது மூச்சுக்குழலுட் புகும். வாயால் உண்ணவே இயலாதவருக்கு மூக்கின் வழியே மெல்லிய குழாய் செலுத்தி உணவூட்டும் வழி வைத்தியசாலையில் உண்டு. குழாய் என்றதும் 'முடிந்துவிட்டது' என்று அழவேண்டியதில்லை. நெடுநாள் குடித்தவர்களுக்கும் நெடுநாள் பட்டினி கிடந்தவர்களுக்கும் உணவைக் கூட்டுமுன் தயமின் என்னும் விற்றமின் கொடுக்கவேண்டியிருக்கும். ஆகையால் வைத்தியரிடம் கேட்டே தொடங்கவேண்டும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, மாணாக்கனிடம் கொடுத்து, அடுத்த முறை மருந்தெடுக்கப் போகையில் வைத்தியரிடம் காட்டும்படி கூறினேன். காட்டினார்கள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, மாத்திரைகளின் அளவைச் சற்று மாற்றி, "சாப்பிடக் கொடுங்கள்" என்று அந்தத் தாயிடம் சொன்னாராம். தாய் நம்பவில்லை; இரண்டாவது முறையும் கேட்டிருக்கிறார்.

நிறுவையை நம்பவேண்டாம் என்று நான் அவனிடம் சொல்லியிருந்தேன். வயிற்று நீர் கூடினால் நிறை கூடும். தசை போனது தெரியாது. அதற்குப் பதிலாக, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு நூலைச் சுற்றி, முட்டும் இடத்திலே முடிச்சிட்டு வைத்துக்கொண்டு, இரு கிழமைக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொன்னேன். சாமிப் படத்துக்குப் பின்னால் அந்த நூல் தொங்குகிறதாம்.

சென்ற வெள்ளிக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் அவனைக் கண்டேன். இரவு ஒன்பது மணிக்கு அவித்த பயறும் ஒரு ரொட்டியும் தந்தைக்குக் கொடுக்கிறார்கள். முட்டையை முதல் நாள் கொடுத்தபோது அம்மா அருகிலேயே அமர்ந்து, மயக்கம் வருகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்றான். நூல் என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

"கூடல்ல சேர். ஆனா குறையவும் இல்ல. முடிச்சு அதே எடத்துலதான் நிக்குது."

பஸ் வந்துவிட்டது.